பசிக்கும் வைத்தியம் உண்டு

நுரையீரல் புற்றுநோயோடு வாழ்பவரைத் தளர வைப்பது நோய் மட்டுமல்ல. பத்தியம் என்ற பெயரில் வீட்டில் குறைந்துபோகும் சாப்பாடும்தான்

கீமோதெரபிக்கு வரும் நோயாளியை எந்தப் புற்றுநோய் மருத்துவமனையிலும் முதலில் எடை பார்க்கும் இயந்திரத்தில்தான் ஏற்றுகிறார்கள். கூட வந்தவர்களுக்கு அது ஒரு சடங்காகத் தோன்றும். ஸ்கேனில் கட்டி எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளும் தவிப்பில் அவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்த இயந்திரம் காட்டும் எண்ணும் லேசானதல்ல. பல மருந்துகளின் அளவை உயரத்தையும் எடையையும் வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எடை சரிந்துகொண்டே போனால் அடுத்த தவணை தள்ளிப்போகலாம். மருந்தின் அளவு குறைக்கப்படலாம். சில சமயம் சிகிச்சையே நின்றுபோகலாம்.

இது நேற்றைய கண்டுபிடிப்பு அல்ல. பலவகைப் புற்றுநோயாளிகள் 3,047 பேரின் விவரங்களை அலசிய அமெரிக்க ஆய்வு ஒன்று 1980-ல் வெளிவந்தது. சிகிச்சை தொடங்கும் முன்பே எடை இழந்திருந்தவர்கள், பெரும்பாலான வகைகளில், மற்றவர்களைவிடக் குறைந்த காலமே உயிரோடு இருந்தார்கள் என்று அது காட்டியது. உடம்பை வேகமாக உருக்கும் புற்றுநோய்களில் நுரையீரல் புற்றுநோயும் ஒன்று. இருந்தும் நோய் இன்னதென்று தெரிந்த அன்று குடும்பத்தார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி, "எதைச் சேர்க்கக் கூடாது?" என்பதாகவே இருக்கிறது. எதைச் சேர்க்க வேண்டும் என்ற கேள்வி தாமதமாக வருகிறது.

இந்தக் கேள்வி மும்பையின் சுனாபட்டித் தமிழர்களுக்கு மற்றவர்களைவிடச் சற்று நெருக்கமானது. மராத்தியில் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள்படும் பெயர்கொண்ட இந்தப் பகுதி, தாராவி, மாட்டுங்கா, செம்பூர் என்ற மூன்று தமிழ் வட்டாரங்களுக்கு இடையில் துறைமுக ரயில் பாதையில் இருக்கிறது. ஜாம்ஷெட்ஜி டாட்டா 1886-ல் வாங்கி ஸ்வதேசி என்று பெயர் சூட்டிய பஞ்சாலை இங்கேதான் இருந்தது. அவருடைய மகன் சர் தொரப்ஜி டாட்டாவின் பெயரிலான அறக்கட்டளை 1941-ல் பரேலில் திறந்ததுதான் டாட்டா நினைவு மருத்துவமனை. 1962-லிருந்து அது மத்திய அணுசக்தித் துறையின் நிர்வாகத்தில் இருக்கிறது. ஆலை மூடப்பட்டுவிட்டது, மருத்துவமனைக்கு வரும் கூட்டம் குறைந்தபாடில்லை. பரேல் பக்கத்தில் இருக்கிறது. அதே மருத்துவமனையின் கார்கர் வளாகத்துக்குப் போக சுனாபட்டியில் ரயில் ஏறினால் போதும். ஊரிலிருந்து ‘டாட்டாவில் காட்ட’ வரும் பெரியப்பாவுக்கும் சித்திக்கும் இந்தப் பக்கத்துச் சால்களின் ஒற்றை அறைகள்தான் தங்குமிடம். அவர்களுக்கு என்ன சமைத்துப் போடுவது என்பது அந்த வீட்டுப் பெண்ணின் அன்றாடக் கவலை.

நோய் புகைப்பவர்களுக்கு மட்டும் வருவதும் இல்லை. டாட்டா மருத்துவமனை டாக்டர்கள் 489 நுரையீரல் புற்றுநோயாளிகளைப் பற்றி 2012-ல் வெளியிட்ட கட்டுரையில் பாதிக்குச் சற்று அதிகமானவர்கள் புகைப்பழக்கம் இல்லாதவர்கள். ‘பீடியைத் தொடாதவருக்கு எப்படி வந்தது?’ என்ற திகைப்பு விலகுவதற்குள் வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு உடம்பு இளைத்துவிடுகிறது.

பசி எங்கே போனது?

இருமல், மூச்சிரைப்பு, எடைக் குறைவு ஆகிய மூன்றும் காசநோய்க்கும் பொதுவானவை. அதனால் இந்தியாவில் நுரையீரல் புற்றுநோயாளிகள் பலர் முதலில் காசநோய் மாத்திரை சாப்பிட்டு மாதக்கணக்கில் காலத்தை இழந்துவிடுகிறார்கள். சாப்பாட்டு விஷயத்திலும் இந்தக் குழப்பம் தொடர்கிறது. காசநோயில் மருந்தோடு நல்ல உணவு சேர்ந்தால் உடம்பு தேறும். சென்னையில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் பங்கேற்ற ஜார்க்கண்ட் ஆய்வு, எடை கூடிய நோயாளிகளிடம் மரண ஆபத்து குறைந்ததை 2023-ல் எடுத்துக்காட்டியது. அந்த அனுபவத்தை வைத்துப் புற்றுநோயாளிக்கும் ‘நாலு நாள் நன்றாகச் சாப்பிட்டால் சரியாகிவிடும்’ என்று உறவினர்கள் எதிர்பார்க்கிறார்கள். சரியாகாதபோது நோயாளியைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டும் வேறு வேறு. பட்டினியில் உடம்பு சிக்கனமாகிறது. முதலில் கொழுப்பைச் செலவழித்து, தசையை முடிந்தவரை காப்பாற்றுகிறது. புற்றுநோயில் உடம்பெங்கும் அழற்சி மூண்டுவிடுவதால் கொழுப்போடு தசையும் கரைகிறது, பசியும் அடங்கிவிடுகிறது. சாப்பாட்டால் மட்டும் முழுமையாகத் திருப்ப முடியாத இந்த நிலைக்கு 2011-ல் சர்வதேச நிபுணர் குழு ஒன்று அளவுகோல் வகுத்தது. ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் அதைக் கவனிக்க வேண்டிய உடலுருக்கமாகக் கொள்ள வேண்டும். 60 கிலோ இருந்தவருக்கு அது வெறும் 3 கிலோ. ஏற்கெனவே ஒல்லியானவருக்கு 2 சதவீதமே போதும்.

பசியை அடக்குவதில் முக்கியப் பங்கு வகிக்கும் ஒரு புரதத்துக்கு ஜி.டி.எஃப்.-15 என்று பெயர். உடம்பு நெருக்கடியில் இருக்கும்போது ரத்தத்தில் இதன் அளவு ஏறுகிறது. மூளைத்தண்டில் உள்ள ஏற்பியைத் தொட்டுச் சாப்பாட்டின் மீதே வெறுப்பை உண்டாக்குகிறது. இதை முடக்கும் பொன்செக்ரோமாப் என்ற ஊசி மருந்தை நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோயாளிகள் 187 பேரிடம் சோதித்த முடிவுகள் 2024-ல் வெளியாயின. அதிக அளவு மருந்து பெற்றவர்களின் எடை, வெற்று ஊசி பெற்றவர்களோடு ஒப்பிடும்போது 12 வாரத்தில் 5 சதவீதத்துக்கு மேல் கூடுதலாக இருந்தது.

குடும்பங்கள் இதிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது எளிமையானது. தட்டைத் தள்ளிவிடுபவர் பிடிவாதக்காரர் அல்ல. மூச்சிரைப்பைப் போல, வலியைப் போல, பசியின்மையும் நோயின் ஓர் அறிகுறி. வலி இருந்தால் டாக்டரிடம் சொல்கிறவர்கள், பசி இல்லாததை மட்டும் வீட்டுச் சண்டையாக வைத்துக்கொள்கிறார்கள். ‘இன்னும் ரெண்டே வாய்ங்க’ என்று மனைவி கெஞ்ச, ‘வேணாம்னா விடு’ என்று அவர் எரிந்துவிழ, இரண்டு பேரும் அன்று பட்டினி.

டாக்டரிடம் சொன்னால் செய்வதற்கு வழி இருக்கிறது. அதைக் காட்டியது ஒரு தமிழ் மண்ணின் மருத்துவமனைதான். புதுச்சேரி ஜிப்மரில் வயிறு, கல்லீரல்-கணையம்-பித்தப்பை, நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய் கொண்ட 124 பேரை இரு பிரிவாக்கினார்கள். கீமோதெரபியோடு ஒரு பிரிவுக்கு ஒலன்சபைன் என்ற மாத்திரை தினம் 2.5 மில்லிகிராம், மற்றொரு பிரிவுக்கு மருந்தில்லாத மாத்திரை, 12 வாரத்துக்குத் தரப்பட்டன. எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியவர்கள் முதல் பிரிவில் 60 சதவீதம். இரண்டாவதில் 9 சதவீதம். பசி நன்றாக எடுத்ததாகச் சொன்னவர்கள் 43 சதவீதம். எதிர்ப் பிரிவில் 13 சதவீதம். 2023-ல் வெளியான இந்த முடிவுகளுக்குப் பிறகு அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமும் தன் வழிகாட்டுதலில் இந்த மாத்திரையைச் சேர்த்துக்கொண்டது.

ஒலன்சபைன் புதிய மருந்தல்ல, விலையும் அதிகமில்லை. மனநோய்க்குப் பல ஆண்டுகளாகத் தரப்படுவது. கடைக்காரர் ‘இது மனநோய் மாத்திரையாச்சே’ என்று சொல்லிவிட்டால் வீட்டில் பீதி கிளம்பும். பசிக்காகத் தரும் அளவு மிகக் குறைவு என்பதையும், தூக்கக் கலக்கம் வரலாம் என்பதால் இரவில் சாப்பிடச் சொல்வது வழக்கம் என்பதையும் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும். எல்லாருக்கும் இது பொருந்தாது; டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் முடிவு செய்ய வேண்டுமானால் பசியில்லை என்பதை யாராவது அவரிடம் சொல்ல வேண்டும்.

கஞ்சியும் கணக்கும்

பசிக்கு வழி பிறந்த பிறகு அடுத்த கேள்வி, கிடைக்கும் அந்தச் சிறிய பசியில் எதைப் போடுவது என்பது. நோயாளி என்றதும் தமிழ் வீடுகளில் வருவது கஞ்சி, ரசம் சாதம், பிரெட், பிஸ்கட். இரண்டு நாள் காய்ச்சலுக்கு இது சரி. மாதக்கணக்கில் நீளும் சிகிச்சைக்கு இதைவிடப் போதாத உணவு கிடையாது. வயிறு நிரம்பிவிடும், உடம்புக்கு ஒன்றும் சேராது.

ஐரோப்பிய உணவு மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி புற்றுநோயாளிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கலோரி வேண்டும். புரதம் ஒரு கிராமுக்கு மேல், முடிந்தால் ஒன்றரை கிராம் வரை வேண்டும். 50 கிலோ எடையுள்ளவருக்கு 1,250 முதல் 1,500 கலோரி. 50 முதல் 75 கிராம் புரதம். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் இதற்கு விலையுயர்ந்த டப்பா எதுவும் தேவையில்லை. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம். பாலும் தயிருமாக அரை லிட்டரில் 16 கிராம். ஒரு கைப்பிடிக்குச் சற்று மேலான 50 கிராம் வேர்க்கடலையில் 12 கிராம். அதே அளவு பருப்பில் 11 கிராம். அரிசியாக அளந்தால் 200 கிராம் சோற்றில் 14 கிராம். மொத்தம் 65 கிராம். ஒரு துண்டு மீன் சேர்ந்தால் 75-ஐ எட்டிவிடும். கலோரிக் கணக்கும் இதிலேயே 1,500-ஐத் தொட்டுவிடும்.

சிக்கல், இவ்வளவையும் ஒருவர் மூன்று வேளையில் சாப்பிட முடியாது என்பதுதான். அதனால் ஆறு வேளையாக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சின்னக் கிண்ணத்தில் ஏதாவது. பெரிய தட்டு நிறையச் சோற்றைப் பார்த்தாலே பலருக்குக் குமட்டிவிடும். பெரும்பாலானவர்களுக்குக் காலையில் பசி சற்று நன்றாக இருக்கும். அப்போதே முக்கியச் சாப்பாட்டை முடித்துவிடலாம். மதியம்தான் சாப்பாட்டு நேரம் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கஞ்சியைத் தள்ளிவைக்கவும் வேண்டியதில்லை, கனமாக்கினால் போதும். அரிசியோடு பாசிப்பருப்பைச் சேர்த்துக் குழைய வேகவைத்து, பால் விட்டு, ஒரு கரண்டி நெய்யை ஊற்றினால் அதே கிண்ணம் இரண்டு மடங்கு பலம் தரும். ஒரு டம்ளர் பாலில் இரண்டு கரண்டி பால் பவுடரைக் கலக்கினால் அது கடையில் விற்கும் சத்து மாவுக்கு இளைத்ததல்ல. பொட்டுக்கடலை மாவை எதில் வேண்டுமானாலும் கலக்கலாம். இட்லிப் பொடியில் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் மட்டுமே 120 கலோரி. நம் ஊர்க் கேழ்வரகு மும்பைக் கடைகளில் நாச்னி என்ற பெயரில் கிடைக்கும். அதைப் பாலும் வெல்லமும் சேர்த்துக் கூழாக்கலாம். அவல் உப்புமாவில் வேர்க்கடலையைத் தாராளமாகப் போடலாம். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மும்பையின் பாம்பில் மீன் மெதுவாக இருக்கும். மெல்லச் சிரமப்படுபவர்களுக்கு ஏற்றது. மாட்டுங்கா மார்க்கெட்டில் கிடைக்கும் முருங்கைக் கீரை நல்லதுதான். ஆனால் வயிறு கீரையால் நிரம்பிவிட்டால் முட்டைக்கு இடமிருக்காது. எடை குறைபவருக்கு முதலிடம் எதற்கு என்பதில் குழப்பம் கூடாது.

இன்னொரு சங்கடம் நீரிழிவு. நாற்பது வயதைத் தாண்டிய தமிழர் வீடுகளில் அது அபூர்வமானதல்ல. கீமோதெரபியோடு தரும் ஸ்டீராய்டு மாத்திரைகள் ரத்தச் சர்க்கரையை ஏற்றவும் செய்யும். உடனே சோற்றைப் பாதியாக்குவது வீட்டார் வழக்கம். எடை இழக்கும் நோயாளியிடம் சோற்றைக் குறைப்பதைவிட நீரிழிவு மருந்தைக் கூட்டுவதே பல நேரம் பொருத்தமாக இருக்கும். அதை டாக்டர்கள் செய்துகொள்வார்கள். சாப்பாட்டுக் கத்திரியை வீட்டில் எடுக்க வேண்டாம்.

சாப்பிட்ட புரதம் தசையாக வேண்டுமானால் தசைக்குக் கொஞ்சம் வேலையும் வேண்டும். சாலின் நடைபாதையில் தினம் பத்து நிமிடம் மெதுவாக நடப்பதும், நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவதும் போதும். கட்டிலோடு கட்டிலாகக் கிடப்பது ஓய்வு ஆகாது.

ஒற்றை அறைச் சமையல்

பெரிய வீடுகளுக்கு எழுதப்பட்ட ஆலோசனைகள் ஒற்றை அறைக்குப் பொருந்துவதில்லை. கீமோதெரபி எடுத்தவருக்கு வாசனைகள் பன்மடங்காகத் தெரியும். கட்டிலுக்கு நாலடி தள்ளி அடுப்பிருந்தால் வெங்காயம் வதங்கும்போதே அவருக்குக் குமட்டத் தொடங்கிவிடும். சாப்பாடு தட்டுக்கு வரும்போது பசி ஓடியிருக்கும். தாளிப்பு வேலைகளை அவர் வெளியில் காற்று வாங்கும் நேரத்தில் முடித்துவிடலாம். முடியாத நாளில் பக்கத்து வீட்டு அடுப்பைக் கேட்கலாம்; சாலில் வாழ்வதன் லாபம் அது. ஆவி பறக்கும் சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாட்டில் வாசனை குறைவு. தயிர் சாதம், இட்லி, சுண்டல், அவித்த முட்டை ஆகியவை அதனால்தான் உள்ளே இறங்குகின்றன.

பிளாட்டினம் வகை மருந்துகளான சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் எடுப்பவர்கள் வாயில் இரும்பைக் கடித்தமாதிரி இருக்கிறது என்பார்கள். ஸ்டீல் கரண்டியை விட்டுக் கையாலோ மரக் கரண்டியாலோ சாப்பிடுவதும், சாப்பிடும் முன் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் வாய் கொப்பளிப்பதும் உதவும். வாய்ப்புண் இல்லாதவரை எலுமிச்சையும் புளியும் ருசியை மீட்டுத் தரும். வாயில் புண் வந்துவிட்டால் புளிப்பும் காரமும் ஆகாது. குழைந்த பொங்கல், மோர், இளநீர் பக்கம் போக வேண்டும். மார்பில் கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு இரண்டு மூன்று வாரத்தில் உணவுக்குழாய் எரியத் தொடங்கலாம். விழுங்க வலித்தால் அதற்கும் மருந்து உண்டு; வலியைப் பொறுத்துக்கொண்டு பட்டினி கிடப்பது தேவையற்றது.

நுரையீரல் நோய்க்கே உரிய தொல்லை, மென்று விழுங்குவதற்கே மூச்சு போதாமல் போவது. நிமிர்ந்து உட்கார்ந்து, சின்னச் சின்ன வாயாக, இடையில் ஓய்வெடுத்துச் சாப்பிட வேண்டும். சாப்பிடும் முன் சிறிது நேரம் ஓய்வும், முகத்துக்கு நேராக மின்விசிறிக் காற்றும் இதமளிக்கும். மூக்குக்குழாய் வழியாக ஆக்ஸிஜன் எடுப்பவர்கள் சாப்பாட்டுக்காக அதைக் கழற்றத் தேவையில்லை. சாப்பாட்டுக்கு நடுவே டம்ளர் டம்ளராகத் தண்ணீர் குடித்தால் வயிறு உப்பி மூச்சு இன்னும் முட்டும். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வைத்துக்கொள்ளலாம். ‘நிறையத் தண்ணீர் குடியுங்கள்’ என்ற பொது உபதேசமும் எல்லாருக்கும் ஆகாது. சிலருக்கு, முக்கியமாகச் சிறுசெல் வகைப் புற்றுநோயில், ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். அவர்களுக்குத் தண்ணீரைக் குறைக்கச் சொல்வதும் உண்டு.

கீமோதெரபிக்குப் பிந்தைய நாட்களில் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும். அப்போது தெருவோரப் பானிபூரியும், வெட்டிவைத்த பழமும், ஐஸ் போட்ட கரும்புச் சாறும் ஆபத்து. காய்ச்சிய தண்ணீர், அன்றன்று சமைத்த உணவு, நன்றாக வெந்த முட்டை, வீட்டில் தோலுரித்த பழம் ஆகியவற்றுக்குத் தடையில்லை.

சர்க்கரை, சாறு, மாத்திரை

புற்றுநோயாளியின் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தினரும் ஓர் அறிவுரையோடு வருகிறார். அவற்றில் முதலிடம், ‘சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடந்து செத்துவிடும்’ என்பதற்கு. புற்றுச் செல்கள் குளுக்கோஸை அதிகமாக எரிக்கின்றன என்பது உண்மை. ஜெர்மானிய விஞ்ஞானி ஒட்டோ வார்பர்க் 1920-களிலேயே அதைக் கண்டறிந்தார். இன்றைய பெட் ஸ்கேன் அந்தக் குணத்தை வைத்துத்தான் கட்டியைக் காட்டுகிறது. ஆனால் வாயில் சர்க்கரை போடாவிட்டாலும் ரத்தத்தில் குளுக்கோஸ் இருந்தே தீரும். சாப்பாட்டிலிருந்து கிடைக்காததைக் கல்லீரல் தசையின் புரதத்திலிருந்து தயாரித்துக்கொள்ளும். ஆக, இனிப்பையும் சோற்றையும் நிறுத்தினால் பட்டினி கிடப்பது கட்டி அல்ல, கைகால்கள்.

அடுத்து இறைச்சியும் பாலும் கூடாது என்பது. பிறகு பப்பாளி இலைச் சாறு, கோதுமைப்புல் சாறு, முள்சீத்தா இலைக் கஷாயம். சாறுகளால் வயிறு நிரம்பி உணவுக்கு இடமில்லாமல் போவது ஒரு பக்கம். கல்லீரலில் மருந்துகளோடு மோதுவது மறுபக்கம். எதைக் குடித்தாலும் டாக்டருக்குத் தெரிந்து குடிப்பது நல்லது.

இயற்கையானதைப் பிழிந்து மாத்திரையாக்கினால் நல்லதே நடக்கும் என்ற நம்பிக்கையை மருத்துவ உலகமும் ஒருமுறை விலை கொடுத்துச் சோதித்துப் பார்த்தது. காரட்டில் உள்ள பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கும் என்று எண்ணி, பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 1994-ல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாயிருந்தது. அதேபோன்ற அமெரிக்க ஆய்வும் இதே போக்கைக் காட்டியதால் 1996-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. காரட் பொரியலுக்கு இதனால் பழியில்லை, மாத்திரைக்குத்தான்.

எல்லா வைட்டமினும் வேண்டாதது என்று கொள்வதும் தவறு. நுரையீரல் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் பெமட்ரெக்ஸெட் மருந்தோடு ஃபோலிக் அமில மாத்திரையும் பி12 ஊசியும் கட்டாயம். மருந்து தொடங்கும் முன்பே அவற்றை ஆரம்பிக்கிறார்கள். இல்லாவிட்டால் மருந்தின் நச்சு வாயையும் குடலையும் ரத்த அணுக்களையும் கடுமையாகத் தாக்கும். ‘வெறும் சத்து மாத்திரைதானே’ என்று நிறுத்திவிடக் கூடாத மாத்திரை அது.

மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மாத்திரைகளுக்கும் சாப்பாட்டு விதிகள் உண்டு. எர்லோட்டினிப்பைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் போட வேண்டும். ஜெஃபிட்டினிப்புக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் நெஞ்செரிச்சலுக்கு நாமாக வாங்கிப் போடும் அமிலக் குறைப்பு மாத்திரைகள் இரண்டையும் உடம்பில் சேரவிடாமல் செய்யும். மராத்தியில் பப்பனஸ் என்று விற்கும் பம்பளிமாஸும் அதன் உறவான கிரேப்ஃப்ரூட்டும் இத்தகைய மருந்துகள் சிலவற்றின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும் என்பதால் தவிர்ப்பது நல்லது. இந்த மாத்திரைகளால் வயிற்றுப்போக்கு வருவதும் சகஜம். அப்போதைக்கு மட்டும் பழைய கஞ்சியும் மோரும் உப்புச்சர்க்கரைக் கரைசலும் தங்கள் பதவிக்குத் திரும்பிவிடலாம்.

ஊட்டுவதை நிறுத்தும் நேரம்

நோயின் வேதனைகளைக் குறைக்கும் வைத்தியம் கடைசிக் கட்டத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பரவிய நுரையீரல் புற்றுநோய் கொண்ட 151 பேரிடம் நடந்த ஆய்வு 2010-ல் இதைப் புரட்டிப் போட்டது. வழக்கமான சிகிச்சையோடு, வலி, மூச்சிரைப்பு, பசியின்மை, மனச்சோர்வு போன்றவற்றைத் தொடக்கத்திலிருந்தே கவனிக்கும் வைத்தியத்தையும் பெற்றவர்கள் மற்றவர்களைவிடத் தெம்பாக வாழ்ந்தார்கள். அது மட்டுமல்ல, நடுத்தர ஆயுளும் 8.9 மாதத்துக்குப் பதில் 11.6 மாதமாக இருந்தது. பசியைப் பற்றிப் பேசுவது அற்ப விஷயத்துக்காக டாக்டரின் நேரத்தை வீணாக்குவது அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கடினம்.

ஆனால் ஒரு கட்டம் வரும். சிகிச்சைகள் தீர்ந்து, பெரும்பாலான நேரம் உறக்கத்தில் கழிந்து, உடம்பு தன் கடைகளை ஒவ்வொன்றாக அடைக்கத் தொடங்கும். அப்போது கிராம் கணக்கும் கலோரிக் கணக்கும் செல்லாது. சாப்பாட்டை உடம்பு ஏற்றுக்கொள்வதில்லை. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். சளியும் மூச்சுத்திணறலும் கூடும். சாப்பிடாததால் அவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருப்பதால் சாப்பிடவில்லை என்பது குடும்பத்தார் ஏற்றுக்கொள்ளச் சிரமமான உண்மை. சோறு போடுவதையே அன்பின் மொழியாகக் கொண்ட வீட்டில் இதைவிடக் கடினமான பாடம் இருக்க முடியாது.

மும்பை பாந்திராவில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன், இந்தியாவில் இத்தகைய நோயாளிகளுக்கான முதல் இல்லம். இதைத் தொடங்கிய டாக்டர் எல்.ஜே. டிசூசா புற்றுநோய் அறுவை மருத்துவர். இதுபோன்ற இல்லங்களில் உதட்டை ஈரத்துணியால் நனைப்பதும், கேட்டால் ஒரு சின்னத் துண்டு ஐஸ் தருவதும், வாயைச் சுத்தமாக வைத்திருப்பதும் சாப்பாட்டுக்குச் சமமான பணிவிடைகள்.

அந்தக் கட்டம் வருவதற்கு முன் மாதங்கள் இருக்கின்றன; இன்றைய மருந்துகளால் பலருக்கு ஆண்டுகளே இருக்கின்றன. அந்தக் காலத்தில் செய்ய வேண்டியவை சில. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், பக்கத்து மருந்துக் கடையிலாவது எடை பார்த்து ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். இரண்டு வாரம் தொடர்ந்து இறங்கினால் அந்த நோட்டோடு டாக்டரிடம் போக வேண்டும். புகைப்பவர் இப்போதாவது நிறுத்தினால் சிகிச்சையும் ருசியும் இரண்டுமே சற்று மேம்படும். என்ன சமைக்கட்டும் என்ற கேள்வியை வரும் விருந்தினரிடம் கேட்பதைவிட நோயாளியிடம் கேட்பதே மேல். அவர் நேற்றுவரை தொடாத கருவாட்டுக் குழம்பைக் கேட்கலாம். காலை ஏழு மணிக்குத் தயிர் சாதம் கேட்கலாம். இரவு பதினோரு மணிக்கு ஒரு ஆம்லெட் கேட்கலாம். கேட்டதைக் கேட்ட நேரத்தில் செய்து கொடுத்துவிட்டு, மிச்சம் வைத்தால் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்து அடுத்த கிண்ணம் வரத்தான் போகிறது.